கண்ணாடிக் கதவில் மோதிய மூக்கு

நடுவர் அவர்களே, எதிரணியினரே, வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் கிழக்கு லண்டன் உறவுகளே, வணக்கம்.

நடிகை கிளெண்டா ஜாக்சன் 23 ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 2015-இல் விலகினார். மறுவருடமே, 80 வயதில், லண்டன் ஓல்ட் விக் நாடக அரங்கில் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனாக நின்றார். நிற்க வைத்தது இளமையில் கற்ற கலையா, அரசியலில் பட்ட அனுபவமா என்பது கேள்வி. அரசியலே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? "23 வருஷம் நாற்காலியைத் தேய்ச்சாங்க. திரும்பி வந்தப்போ காப்பாத்தினது பழைய சரக்கு. ரெண்டு ஆஸ்கர் வாங்கினவங்களுக்கு நடிப்பு மறக்குமா?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நாற்காலியைத் தேய்த்தாரா? அண்ணே, ஒரு கதை சொல்கிறேன்.

1987. பிரதமர் மார்கரெட் தாட்சர் ஒரு பேட்டியில், 'சமுதாயம் என்று ஒன்று கிடையாது' என்றார். அதைக் கேள்விப்பட்ட கிளெண்டாவுக்கு வந்த கோபத்தில், விறுவிறுவென்று நடந்து, தன் வீட்டில் மூடியிருந்த கண்ணாடிக் கதவிலேயே போய் மோதிக்கொண்டார். மூக்கு உடையாத குறை. பிற்காலப் பேட்டிகளில் அவரே சொன்னது இது.

இன்னொரு தரம் சொல்கிறேன், மெதுவாகக் கேளுங்கள். வட இங்கிலாந்தில் பெர்க்கன்ஹெட் என்ற ஊரின் கொத்தனார் மகள். அம்மா அடுத்தவர் வீட்டைச் சுத்தம் செய்தவர். அந்தப் பெண்தான் வளர்ந்து ரெண்டு ஆஸ்கர் வாங்கினார். தொலைக்காட்சியில் எலிசபெத் மகாராணியாக நடிக்க முன்தலையை மழித்துக்கொண்டார். பணம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கிறது. அவருக்கென்ன குறை? ஆனால் 'சமுதாயம் இல்லை' என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் எதிரே இருந்த கதவு தெரியவில்லை! கோபம் கண்ணை மறைக்கும் என்பார்கள். இங்கே கதவையே மறைத்துவிட்டது.

பின்வரிசையில் அம்மா சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் சொல்லுங்கள், நம் வீட்டுத் துன்பத்துக்காக நாம் எத்தனை தடவை முட்டிக்கொண்டிருக்கிறோம்? முகம் தெரியாதவன் துன்பத்துக்காக நம்மில் எத்தனை பேருக்கு மூக்கில் அடிபட்டிருக்கிறது? அண்ணே, அந்த மூக்கோடுதான் அவர் 1992-இல் ஹாம்ஸ்டெட், ஹைகேட் மக்களிடம் ஓட்டுக் கேட்டு நின்றார். நாற்காலி தேய்க்கிறவர் மூக்கை இப்படிக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார்.

அந்த நாற்காலிதான் லேசில் கிடைத்ததா? 2010-இல் வெறும் 42 ஓட்டு வித்தியாசம். இந்த மண்டபத்தின் முதல் ரெண்டு வரிசை மனசு மாறியிருந்தால் தோற்றிருப்பார். சொந்தக் கட்சி ஆட்சியிலேயே ஈராக் போரை எதிர்த்தவர். 2013 ஏப்ரலில் தாட்சர் மறைவுக்கு அவை புகழஞ்சலி செலுத்தியபோது, எதிர்வரிசைக் கூச்சலுக்கு நடுவே எழுந்து நின்று, அந்த ஆட்சியில் ஒவ்வொரு கடை வாசலும் ஒவ்வொரு இரவும் வீடற்றவர்களின் படுக்கையறை ஆனதைச் சொன்னார். அப்போது வயது 76.

இப்போது லியருக்கு வாருங்கள். ஷேக்ஸ்பியரின் அந்தக் கிழ அரசன் மகள்களால் துரத்தப்பட்டு, புயல் மழையில் நிற்கிறான். அங்கே நின்றுதான் அவனுக்கு முதல்முறையாகக் கூரையில்லாத ஏழைகளின் நினைப்பு வருகிறது. 'இவர்களை நான் கவனிக்காமல் போனேனே' என்று கதறுகிறான். கிளெண்டா அந்த வசனத்தைப் பேசும்போது அது மனப்பாடமாகவா வந்திருக்கும்? கடை வாசலில் கிடந்தவனைப் பார்த்த கண் அண்ணே அது. கதவில் மோதிய மூக்கு. நான் அந்தக் கதவை விடமாட்டேன்!

பெண் எப்படி அரசனாக நடிப்பது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலைப் பாருங்கள். நாடாளுமன்ற உறுப்பினராக முதியோர் இல்லங்களுக்கும் பகல்நேர மையங்களுக்கும் போனபோது கவனித்தாராம், வயது ஏற ஏற ஆண், பெண் என்ற கோடு மங்கிப்போகிறது என்று. லியரை அவர் கண்டுபிடித்த இடம் ஒத்திகை அறை இல்லை.

அதற்குப் பிறகு 82 வயதில் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது, ஞாபகம் தப்பிய மூதாட்டியாகத் தொலைக்காட்சியில் நடித்ததற்கு பிரிட்டனின் பாஃப்டா விருது. 2023 ஜூனில் மறைந்தார். கடைசிப் படம் அக்டோபரில்தான் திரைக்கு வந்தது.

நடுவர் அவர்களே, நான் இந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு தாத்தா, முன்பு பஸ் ஓட்டியவர். தினமும் சாயங்காலம் மூன்று மணிக்குக் கோட்டை மாட்டிக்கொள்வார். "பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு நிப்பா, கூட்டிட்டு வரணும்" என்பார். அந்தப் பொண்ணுக்கு வயது அறுபது. கோட்டை வாங்கி மாட்டிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன்.

லியர் நாடகம் முடிவை நெருங்கும்போது ஒரு காட்சி உண்டு. எல்லாம் இழந்த கிழவன் கண் விழித்து, எதிரே நிற்கும் மகளைப் பார்த்து, அடையாளம் தெரிந்தும் தெரியாமலும் திணறுகிறான்.

போன ஞாயிறு தாத்தாவின் மகள் வந்திருந்தார். மணி மூன்று. கோட்டோடு வாசலுக்குப் போனவர், எதிரே நின்ற நரைத்த தலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? என் பொண்ணு மாதிரியே இருக்கீங்களே" என்றார்.

வணக்கம்.