இந்த நிலக்கடலைக் குழம்பு வெந்ததா இல்லையா? எண்ணெயே சொல்லிவிடும்!

வணக்கம் மக்களே. முதலில் இந்தச் சட்டியின் ஓரத்தைப் பாருங்கள்.

(கேமரா சட்டிக்குப் பக்கத்தில் போகிறது)

குழம்பு சட்டியைத் தொடுகிற இடத்தில் செம்மஞ்சளாக ஒரு கோடு, அதில் கடுகளவு எண்ணெய்ப் பொட்டுகள் தெரிகிறதா? இது வரும்வரை அடுப்பை அணைக்கவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன், இருங்கள்.

இதன் பெயர் மாஃபே. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, செனகல் நாடுகளின் வீட்டுச் சாப்பாடு. மாலியில் பம்பாரா மொழியில் திகாதெகேனா என்பார்கள்: திகா கடலை, தெகே விழுது, னா குழம்பு. கடலை தென் அமெரிக்கப் பயிர், போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

சாமான் எல்லாம் இங்கே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே கிடைக்கும். கோழி 1 கிலோ, வறுத்துத் தோல் நீக்கிய கடலை 250 கிராம், பெரிய வெங்காயம் 2, தக்காளி விழுது 3 மேசைக்கரண்டி, இஞ்சி, பூண்டு, கேரட், சர்க்கரைவள்ளி, முட்டைக்கோஸ். அங்கே ஸ்காட்ச் பானெட் மிளகாய் போடுவார்கள், நான் இரண்டு சிலி பாடியை, அதாவது நம் ஊசி மிளகாயை, கீறாமல் முழுதாகப் போடுகிறேன். கடலையை பிளெண்டரில் மைய அரைத்துக்கொள்ளுங்கள். கடையில் பீனட் பட்டர் வாங்கினால் சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் குழம்பு இனித்துவிடும்.

கோழியை உப்புப் போட்டுச் சிவக்க வறுத்து எடுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, பூண்டு, அப்புறம் தக்காளி விழுது, அது நிறம் கறுக்கும்வரை வதக்கி, 1 லிட்டர் வெந்நீர் ஊற்றி, கோழியையும் மிளகாயையும் போடுங்கள். கடலை விழுதை மட்டும் நேராகச் சட்டியில் கொட்டாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் கொட்டினேன், கட்டி கட்டியாக அடியில் இறங்கிக் கருகி, சட்டி முழுக்கக் கசப்பு. ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிக்கிற குழம்பிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து ஊற்றி, மோர் பதத்துக்குக் கரைத்துப் பிறகு ஊற்றுங்கள். சிறு தீயில் முக்கால் மணி நேரம், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். காய்கள் பாதி நேரத்தில்.

சரி, அந்த எண்ணெய்க்கு வருவோம். கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். அரைத்துக் கரைக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத துளிகளாகத் தண்ணீரோடு கலந்து பால் மாதிரி நிற்கும். கொதித்து நீர் வற்ற வற்ற, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே ஏறும். அதற்குள் கடலையின் பச்சை வாடையும் போயிருக்கும். நம் அம்மாக்கள் கறிக்குழம்பு வைக்கும்போது "எண்ணெய் பிரிஞ்சு வரட்டும்" என்கிறார்களே, அதேதான்! சம்பல் என்கிற மிளகாய் விழுதை வதக்குகிற மலாய் மக்சிக்கை, அதாவது மலாய் அத்தையைக் கேளுங்கள், "பெச்சா மிஞ்ஞாக்" என்பார், எண்ணெய் உடைகிறது என்று. சாத்தேக்கு, அதாவது குச்சியில் சுட்ட இறைச்சிக்குத் தொட்டுக்கொள்கிற குவா காச்சாங் என்கிற கடலைக் குழம்புக்கும் அதுதான் பதம், மாலியில் மாஃபேக்கும் அதுதான் பதம். எனக்கு இந்தக் குழம்பின் ருசியைவிட இந்த ஒற்றுமைதான் அதிகம் பிடித்திருக்கிறது.

சூடான வெள்ளைச் சோறுதான் இதற்கு ஜோடி. வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருந்தால் தயவுசெய்து சமைக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் வட ஆற்காட்டுப் பக்கம் கடலையை மல்லாட்டை என்பார்கள், மணிலாக்கொட்டை என்பதன் பேச்சு வடிவம். இங்கே நம் பிள்ளைகளுக்கு அது காச்சாங். உங்கள் பாட்டி என்ன பெயர் சொல்வார்? கீழே எழுதுங்கள், ஒன்றுவிடாமல் படிக்கிறேன்.