செக்யூரிட்டி ஃபீஸ் நாம கட்டியாச்சு, சம்பளம் எங்க போச்சு?

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அடுத்து குழந்தைங்க டான்ஸ் இருக்கு, லேட் பண்ணினா அப்பா அம்மாங்க என்னை விட மாட்டாங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இங்க அமெரிக்காவுல எந்த ஏர்போர்ட்ல ஏறினாலும் டிக்கெட்டுக்குள்ளயே செப்டம்பர் 11 செக்யூரிட்டி ஃபீஸ்னு ஒண்ணு சேர்த்துடுவாங்க, ஒரு வழிக்கு 5.60 டாலர். 2025 அக்டோபர் 1லேர்ந்து நவம்பர் 12 வரைக்கும் பட்ஜெட் பாஸ் ஆகாம அரசாங்க ஆபீஸ்களை மூடற ஷட்டவுன் 43 நாள் நடந்துச்சே, அப்போ இந்த ஃபீஸை நிறுத்தினாங்களா? ஒரு நாள் கூட இல்ல. ஆனா பெல்ட்டைக் கழட்டு, லேப்டாப்பை வெளிய எடுன்னு காலைல நாலு மணிக்கே நின்னுட்டு நம்ம பையை ஸ்கேன் பண்ற டிஎஸ்ஏ (மத்திய அரசோட ஏர்போர்ட் பாதுகாப்பு ஏஜென்சி) ஆளுங்களுக்கு அக்டோபர் நடுவுல ஒரு குறைச்சல் சம்பளம் வந்துச்சு, அதோட சரி, அப்புறம் பே ஸ்லிப்ல முட்டை தான்.

காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒதுக்காம கஜானாவுல ஒரு காசு எடுக்கக்கூடாதுன்னு அரசியல் சாசனமே சொல்லுது, சரி. 1980 வரைக்கும் பட்ஜெட் லேட் ஆனாலும் ஆபீஸ் பாட்டுக்கு ஓடிட்டு தான் இருந்துச்சு. அப்போ அட்டர்னி ஜெனரலா இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி தான் அப்படி ஓட்டக்கூடாது, மூடணும், உயிருக்கும் சொத்துக்கும் பாதுகாப்பு தர்ற வேலை மட்டும் நடக்கலாம்னு கருத்து எழுதிட்டாரு. பாதுகாப்பு வேலைன்னா வந்தே ஆகணும், சம்பளம் மட்டும் பிறகு. அதே நேரத்துல காங்கிரஸ் மெம்பர்களுக்கு சம்பளம் தங்குதடையில்லாம வருது. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்!

ஸ்ட்ரைக் பண்ணலாமேன்னு கேப்பீங்க. ஃபெடரல் ஊழியர் ஸ்ட்ரைக் பண்றது சட்டவிரோதம், 1981ல பிரசிடென்ட் ரீகன் ஸ்ட்ரைக் பண்ணின 11,000க்கும் மேல ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்களை வீட்டுக்கு அனுப்பினதை யாரும் மறக்கல. அதனால சிக் லீவு தான் ஒரே வழி. 2018-19ல 35 நாள் ஷட்டவுன் நடந்தப்போ, ஜனவரி 20 அன்னைக்கு டிஎஸ்ஏல பத்துல ஒருத்தர் வரல, முந்தின வருஷம் அதே நாள்ல அது 3.1 சதவீதம் தான். வராதவங்க எல்லாம் பொய் சொன்னாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், பெட்ரோல் போட காசு இல்லாதவன் எப்படி வருவான்? மயாமி ஏர்போர்ட்ல ஒரு பகுதியை சீக்கிரமே மூடிட்டாங்க, ஹூஸ்டன்ல ஒரு டெர்மினல் செக்பாயிண்ட்டையே மூடினாங்க. அதே சமயம் சான் பிரான்சிஸ்கோவுல இதே வேலையை தனியார் கம்பெனி கான்ட்ராக்ட்ல பண்ற ஆளுங்களுக்கு சம்பளம் ஒழுங்கா வந்துச்சு!

பாக்கி சம்பளம் கண்டிப்பா வரும்னு 2019 ஜனவரியில சட்டமே போட்டாச்சே, அப்புறம் என்னன்னு சிலர் சொல்றாங்க. வரும்ங்க, ஆனா வீட்டு ஓனர் ஒண்ணாம் தேதி வாடகை கேக்கறப்போ அந்தச் சட்டத்தையா காட்ட முடியும்?

2025ல பணமே இல்லன்னும் சொல்ல முடியாது. ராணுவத்துக்கு ஆராய்ச்சி நிதியைத் திருப்பி விட்டுச் சம்பளம் போட்டாங்க, குடியேற்றச் சட்டத்தைப் பாக்கற ஐஸ் ஏஜென்சி ஆளுங்களுக்கும் பார்டர் பேட்ரோலுக்கும் கூட கொடுத்தாங்க. செக்பாயிண்ட்ல நிக்கறவங்களுக்கு மட்டும் இல்ல. எல்லாம் முடிஞ்ச பிறகு சிலருக்கு 10,000 டாலர் போனஸ்னு செக் கொடுத்து போட்டோ எடுத்தாங்க, நல்லது தான், மத்தவங்க சும்மாவா நின்னாங்க?

இவங்களுக்கு சம்பளம் கொடுத்துட்டா ஷட்டவுன் வருஷக்கணக்குல இழுக்கும்னு ஒரு வாதம் இருக்கு. அதுல உண்மை இருக்கறது தான் எனக்கு எரிச்சல். 2019 ஜனவரி 25 அன்னைக்கு கன்ட்ரோலர் ஆள் இல்லாம நியூயார்க் லகார்டியா ஏர்போர்ட்டுக்கு வர்ற பிளைட்டை நிறுத்தினாங்க, அன்னைக்கே டிரம்ப் அரசாங்கத்தைத் திறக்க ஒத்துக்கிட்டாரு. ரெண்டு கட்சியும் பேசி முடிக்கணும்னா நடுவுல யாரோ பட்டினி கிடக்கணும், இதுக்குப் பேரு பேச்சுவார்த்தையா?

வேலை பாக்கறவங்களுக்கு சம்பளம் கொடுக்க ரிபப்ளிகன் செனட்டர் ரான் ஜான்சன் கொண்டு வந்த மசோதா 2025 அக்டோபர்ல செனட்ல 60 ஓட்டு கிடைக்காம நின்னு போச்சு. யாருக்குக் கொடுக்கறதுன்னு முடிவு பண்ற அதிகாரம் பிரசிடென்ட் கைக்குப் போயிடும்னு டெமாக்ரட்ஸ் சொன்னாங்க, அது நியாயமான பயம் தான். நான் கேக்கறது அதை விட சின்னது. 2013ல போட்ட ஒரு சட்டத்தால நாம கட்டற அந்த 5.60ல ஒரு பங்கு அரசாங்கத்தோட பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்கப் போகுது. ஷட்டவுன் நாள்ல மட்டும் அந்தப் பங்கு நேரா செக்பாயிண்ட் ஆளுங்க சம்பளத்துக்குன்னு சட்டத்துலயே எழுதிடுங்க, பிரசிடென்ட் யாருன்னு பாக்க வேண்டியதே இல்ல. முழுச் சம்பளத்துக்குப் பத்தாது, தெரியும், வாடகைக்கு ஆகும்ல?