எக்ஸ்பிரஸ் 5: மிடில்வேர், ரூட்டிங், எல்லாமே வரிசைதான்

[திரை: காலி ஃபோல்டர், பக்கத்தில் டெர்மினல்]

நோட்ல, அதாவது பிரவுசருக்கு வெளிய ஜாவாஸ்கிரிப்டை ஓட்டற நோட் ஜேஎஸ்ல, வெப் சர்வர் எழுத உதவற ஃப்ரேம்வொர்க்தான் எக்ஸ்பிரஸ். அதுல ஒரு சர்வர் எழுப்ப பத்து வரி போதும். அந்தப் பத்து வரியில எது மேல, எது கீழங்கிறதுலதான் விஷயமே இருக்கு. இந்த வீடியோல நூலகப் புத்தகப் பட்டியலுக்கு ஒரு சின்ன ஏபிஐ, அதாவது மத்த ப்ரோக்ராம் கேட்டா தகவல் தர்ற சர்வர், எழுதுவோம். எங்கெல்லாம் சிக்குமோ அங்கெல்லாம் வேணும்னே சிக்க வச்சும் பார்த்துடுவோம்.

எக்ஸ்பிரஸ் 5-க்கு நோட் 18 அல்லது அதுக்கு மேல வேணும். பேக்கேஜ் இறக்கற கருவி என்பிஎம். டெர்மினல்ல என்பிஎம் இனிட், அப்புறம் என்பிஎம் இன்ஸ்டால் எக்ஸ்பிரஸ். முடிஞ்சதும் பேக்கேஜ் டாட் ஜேசன் ஃபைலைத் திறந்து, வெர்ஷன் 5-ல ஆரம்பிக்குதான்னு பாருங்க. நாலாவது வெர்ஷன் வந்தது 2014-ல, அஞ்சாவது வந்தது 2024-ல. நடுவுல பத்து வருஷம் எழுதப்பட்ட டுடோரியல் எல்லாம் நாலுக்கானது. அதுல சில வரி இங்க ஓடவே ஓடாது.

[திரை: நோட்-இன் எச்டிடிபி மாட்யூல், ஒரே ஃபங்ஷன்]

எக்ஸ்பிரஸ் இல்லாம வெறும் நோட்ல எழுதினா, வர்ற எல்லா ரெக்வெஸ்டும் இந்த ஒரே ஃபங்ஷனுக்குத்தான் வரும். எந்த முகவரி, கெட்டா (தகவல் கேட்கறது) போஸ்டா (தகவல் அனுப்பறது), எல்லாத்தையும் நீங்களே இஃப் போட்டுப் பிரிக்கணும். எக்ஸ்பிரஸ் அந்த இடத்துல ஒரு பட்டியலை வைக்குது. ஆப் டாட் யூஸ், ஆப் டாட் கெட், ஆப் டாட் போஸ்ட், எதை எழுதினாலும் பட்டியல் கடைசியில ஒண்ணு சேரும். ரெக்வெஸ்ட் வந்தா மேல இருந்து கீழ ஒவ்வொண்ணா பொருத்திப் பார்க்கும்.

பொருந்தின ஃபங்ஷன் ஒண்ணு பதில் அனுப்பணும், இல்ல அடுத்த ஃபங்ஷனுக்குத் தள்ளிவிடற நெக்ஸ்டைக் கூப்பிடணும். ரெண்டும் செய்யலைன்னா? தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரிதான், தள்ளிவிட ஆள் இல்லாம அந்த மேசையிலேயே கிடக்கும். டெர்மினல்ல ஒரு எரரும் வராது, பிரவுசர் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். அப்படிச் சுத்தினா முதல்ல நெக்ஸ்டைத் தேடுங்க.

[திரை: லாகர் மிடில்வேர்]

ரெக்வெஸ்ட் வந்ததுக்கும் பதில் போறதுக்கும் நடுவுல ஓடற ஃபங்ஷன்தான் மிடில்வேர். முதல் மிடில்வேர், வர்ற ரெக்வெஸ்டைக் குறிச்சு வைக்கற லாகர். உள்ள நுழைஞ்சதும் நேரத்தைக் குறிச்சுக்கறோம். ஆனா உடனே பிரிண்ட் பண்ணல. ரெஸ்பான்ஸோட ஃபினிஷ் ஈவென்ட்ல கேட்டுக்கறோம், ஏன்னா ஸ்டேட்டஸ் 200-ஆ (சரி) 404-ஆ (கிடைக்கலை)ன்னு அப்பத்தான் முடிவாகியிருக்கும். இதை ரூட்டுகளுக்குக் கீழ, அதாவது ஒவ்வொரு முகவரிக்கும் பதில் சொல்ற ஃபங்ஷன்களுக்குக் கீழ வச்சா, பதில் கிடைச்சுட்ட ரெக்வெஸ்ட் எதுவும் இது வரைக்கும் வராது. 404 ஆகப்போறது மட்டும்தான் லாக் ஆகும்.

ரெண்டாவது, எக்ஸ்பிரஸ் டாட் ஜேசன். ரெக்வெஸ்டோட வர்ற ஜேசன் தகவலை, அதாவது பாடியைப் படிச்சு ஆப்ஜெக்டா மாத்தித் தரும். சொல்லாம விட்டா 100 கேபி வரைக்கும்தான் வாங்கும். மீறினா 413 (ரொம்பப் பெருசு). காமா தப்பின ஜேசன் வந்தா 400 (தப்பான ரெக்வெஸ்ட்). ஆனா அதிகம் பேர் மாட்டுறது வேற இடத்துல.

[திரை: டெர்மினலில் கர்ல் கட்டளை, கீழே சிவப்பு எரர்]

டெர்மினல்ல இருந்தே ரெக்வெஸ்ட் அனுப்பற கர்ல்ல ஹைஃபன் டி போட்டு ஜேசன் அனுப்பறோம். இது என்ன வகைத் தகவல்னு சொல்ற கன்டென்ட் டைப் ஹெடர் கொடுக்கலை. கர்ல் தானாவே அதை ஃபார்ம் டேட்டான்னு குறிச்சு அனுப்பிடும், எக்ஸ்பிரஸ் டாட் ஜேசன் அதைத் தொடவே தொடாது. நாலாவது வெர்ஷன்ல அப்ப காலி ஆப்ஜெக்ட் கிடைக்கும். அஞ்சுல பாடியே அன்டிஃபைண்ட். அதுல இருந்து டைட்டிலை எடுக்கப் போனா இந்த டைப் எரர்தான். கோடைக் குடையறதுக்கு முன்னாடி ஹெடரைப் பாருங்க.

[திரை: ரூட்டுகள்]

இப்ப ரூட். மேல /புக்ஸ்/:ஐடி, கீழ /புக்ஸ்/நியூ. நியூவுக்குப் போனா "புத்தகம் இல்லை"ன்னு வருது. மேல இருக்கிறது நியூங்கிற சொல்லையே ஐடியா எடுத்துக்கிச்சு. ரெண்டையும் இடம் மாத்துங்க, சரியாயிடும். நிலையான பாதை மேல, முக்காற்புள்ளி வச்ச பாதை கீழ.

இன்னொண்ணு, பேராம்ஸ்ல, அதாவது :ஐடி இடத்துல வர்றது எப்பவும் ஸ்ட்ரிங்தான். லிஸ்ட்ல ஐடி நம்பரா இருந்து, மூணு சமக்குறி போட்டு ஒப்பிட்டா என்னைக்கும் பொருந்தாது. நம்பரா மாத்திட்டு, அது முழு எண்தானான்னு சோதிச்சு, இல்லைன்னா 400 அனுப்புங்க. இந்தச் சோதனையைப் பாதை ஸ்ட்ரிங்குக்குள்ளேயே ரெகெக்ஸா (எழுத்து வடிவத்தைச் சொல்ற குறியீடு) எழுதற வசதி அஞ்சாவது வெர்ஷன்ல இல்ல. வெறும் நட்சத்திரக் குறியும் செல்லாது, /*ஸ்பிளாட் மாதிரி பேர் வைக்கணும்.

ரூட்டுகள் கூடினதும் அதை ரவுட்டர்ங்கிற தொகுப்பாக்கி, தனி ஃபைலுக்கு மாத்தி, ஆப் டாட் யூஸ்ல /புக்ஸ் கொடுத்து மாட்டிடுங்க. உள்ள போகும்போது அந்த முன்பகுதி உரிஞ்சுடும், அதனால ரவுட்டருக்குள்ள வெறும் /:ஐடி போதும். உள்ளயும் /புக்ஸ் எழுதினா முகவரி /புக்ஸ்/புக்ஸ்னு ஆயிடும்.

புத்தகம் சேர்க்க மட்டும் டோக்கன், அதாவது அனுமதி உள்ள ஆள்னு காட்டற அடையாளம், கேட்கணும். அதுக்கு ஆப் முழுக்க மிடில்வேர் வேண்டாம், அந்த போஸ்ட் ரூட்டுக்கு மட்டும் ஹேண்ட்லருக்கு முன்னாடி கொடுத்தா போதும். டோக்கன் இல்லைன்னா 401 அனுப்பிட்டு ரிட்டர்ன் பண்ணணும். ரிட்டர்ன் விட்டுப்போனா 401-ம் போகும், கீழ இருக்கிற நெக்ஸ்டும் ஓடும். டோக்கன் இல்லாத ஆளோட புத்தகமும் சேர்ந்துடும்! "ஹெடர் ஏற்கனவே அனுப்பியாச்சு"ங்கிற எரர் அதுக்கப்புறம்தான் வரும். அந்த எரரை வெறும் எரிச்சலா நினைச்சு ஒதுக்காதீங்க, அதுக்குப் பின்னாடி பாதுகாப்பு ஓட்டை இருக்கலாம்.

[திரை: ஃபைலின் கடைசிப் பகுதி]

எல்லா ரூட்டுக்கும் கீழ, பாதை இல்லாத ஒரு ஆப் டாட் யூஸ். இது வரைக்கும் வந்தா யாரும் பதில் சொல்லலைன்னு அர்த்தம், 404. அதுக்கும் கீழ எரர் ஹேண்ட்லர்.

இதை எக்ஸ்பிரஸ் பேரை வச்சு அடையாளம் காணறதில்ல, எத்தனை பேராமீட்டர்னு எண்ணித்தான் காணுது. எரர், ரெக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ், நெக்ஸ்ட்னு நாலும் இருக்கணும். நெக்ஸ்டைப் பயன்படுத்தலைன்னு கோடைச் சோதிக்கற லின்டர் மஞ்சள் கோடு போடும், யாராவது நல்லெண்ணத்துல அழிப்பாங்க. அப்ப அது மூணு பேராமீட்டர் உள்ள சாதாரண மிடில்வேர். எரர் வந்தா அதைத் தாண்டிப் போய், எக்ஸ்பிரஸோட சொந்த ஹேண்ட்லர் பதில் சொல்லும். நோட் என்வ்ங்கிற செட்டிங்கை ப்ரொடக்‌ஷன்னு வைக்கலைன்னா, உங்க ஃபைல் பாதையோட ஸ்டாக் ட்ரேஸ் (எரர் எந்தெந்த வரி வழியா வந்ததுங்கிற பட்டியல்) முழுசா பிரவுசருக்குப் போயிடும்.

காத்திருந்து முடியற வேலை செய்யற ஏசிங்க் ஹேண்ட்லர்ல வர்ற எரரை நாலாவது வெர்ஷன்ல ட்ரை கேட்ச் போட்டு நாமே நெக்ஸ்டுக்குத் தரணும். அஞ்சு தானாவே எடுத்துக்குது. ஆனா அவெய்ட் போடாம விட்ட ப்ராமிஸையோ, செட் டைம்அவுட்டுக்குள்ள த்ரோ பண்ணதையோ அதால பிடிக்க முடியாது. ப்ராசஸே விழுந்துடும்.

[திரை: இரண்டு டெர்மினல்கள், இரண்டிலும் "3000-ல் ஓடுகிறது"]

கடைசியா லிசன், சர்வரை ஒரு போர்ட்ல ரெக்வெஸ்டுக்குக் காத்திருக்க வைக்கறது. ஒரே சர்வரை ரெண்டு டெர்மினல்லயும் ஓட்டறோம், ரெண்டுமே ஓடுறதா சொல்லுது. ரெண்டாவது பொய். 3000 போர்ட் ஏற்கனவே பிடிபட்டிருக்கு. நாலாவது வெர்ஷன்ல இங்க எரர் வந்து நின்னுடும். அஞ்சுல அந்த எரர், லிசனுக்குக் கொடுத்த கால்பேக்குக்கே (அது பிறகு கூப்பிடற ஃபங்ஷன்) முதல் ஆர்க்யுமென்ட்டா வருது. அதைக் கண்டுக்காம கால்பேக் தன் வரியை பிரிண்ட் பண்ணிட்டுப் போகுது. கால்பேக்ல எரரை வாங்கி, இருந்தா த்ரோ பண்ணுங்க. இப்ப ரெண்டாவது டெர்மினல்ல ஓட்டிப் பாருங்க, போர்ட் பயன்பாட்டில் இருக்குன்னு சிவப்புல வரும்.