ஸ்காட்லாந்து ஹைஸ்கூலுக்கு ‘மெட்ராஸ்’னு பேரு! நம்ம திண்ணையில இருந்து போனது என்ன?

வணக்கம். ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்னு ஒரு ஊர். அங்க 1833-ல தொடங்கின பள்ளிக்கூடம் ஒண்ணு இன்னிக்கும் நடக்குது. பேரு மெட்ராஸ் காலேஜ். பேருதான் காலேஜ், நடக்கிறது ஹைஸ்கூல். அந்தப் பேருக்கு மூலம் நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டு முகப்புல திண்ணை வெச்சிருக்கிறவங்க கடைசி வரைக்கும் பாருங்க, உங்களுக்கு ஒரு வேலை இருக்கு.

பின்னணியைச் சட்டுனு முடிச்சிடலாம். அந்த ஊர்ல பிறந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789-ல சென்னை எழும்பூர்ல ராணுவ அநாதைப் பிள்ளைகள் பள்ளிக்குப் பொறுப்பேற்கிறார். ஒருநாள் நம்மூர்ப் பசங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கிறதைப் பார்க்கிறார். தன் பள்ளியிலயும் செய்யச் சொன்னா, வாத்தியார் இது நடக்காதுங்கிறார். பெல் விடலை. ஜான் ஃப்ரிஸ்கன்ங்கிற எட்டு வயசுப் பையன்கிட்ட அரிச்சுவடி வகுப்பை ஒப்படைச்சார். நடந்துடுச்சு! 1797-ல லண்டன்ல அறிக்கை அச்சாச்சு, பசங்களே பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற இந்த ‘மெட்ராஸ் முறை’ பரவுச்சு. கடைசிக் காலத்துல அவர் எழுதிவெச்ச பணத்துல எழும்பினதுதான் அந்த ஹைஸ்கூல்.

அந்தப் பையன் பார்த்த வேலைக்கு நம்மகிட்ட பேரு சட்டாம்பிள்ளை. அவன் ஒரு வரி முறை வைப்பான், மத்தவங்க சேர்ந்து திருப்பிச் சொல்வாங்க. மணல் ஏன்னா, தப்பைத் தடவி அழிச்சிடலாம். ஓலையில எழுத்தாணி கீறினா கீறினதுதான். மணல் காஞ்சு, சலிச்சதா இருக்கணும். ஈரமா இருந்தா விரல்ல ஒட்டி எழுத்து சிதையும். இந்தத் திண்ணை எல்லாப் பிள்ளைக்கும் இடம் கொடுக்கலைங்கிறதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

ஆனா பெல் கொண்டுபோகாத ஒண்ணு இருக்கு: எண்சுவடி, அதாவது பின்னம், வாய்ப்பாடு எல்லாம் மனப்பாடம் பண்ற கணக்குச் சுவடி. நம்ம பாடத்துலயே உசத்தி அதுதான். ரங்கூன், கொழும்புன்னு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனா, அதாவது தொழில் பழகுற பையனாப் போற பிள்ளைக்கு வட்டிக் கணக்கு மனசுலயே ஓடணும். அதுக்கு முந்திரி வரைக்கும் இறங்கிப் படிப்பாங்க. முந்திரின்னா 320-ல ஒரு பங்கு. ரெண்டு முந்திரி ஒரு அரைக்காணி, ரெண்டு அரைக்காணி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, அஞ்சு மா கால்.

இப்ப முக்கால் ரூபாய்ல முக்கால் எவ்வளவு? அரையே மாகாணி. மாகாணி 16-ல ஒண்ணு; ரூபாய்க்கு 16 அணா. அப்போ அரைக்கு 8, மாகாணிக்கு 1, ஆக 9 அணா. பேப்பரே வேண்டாம், விடையைச் சொல்லும்போதே காசு கையில வந்துடுது! இடிக்கிறது மாதான். 20-ல ஒரு பங்கு, அணாக் கணக்குல 9.6 தம்பிடி (12 தம்பிடி ஒரு அணா). பிசிறு ஒட்டிக்கிட்டே வரும். 1957 ஏப்ரல் 1-ல நயா பைசா வந்ததும் அப்படியே தலைகீழ்: மா சுளையா 5 பைசா, மாகாணி 6¼. மாகாணியில பழகின மனக்கணக்கு கடைத்தெருவுல உதவாமப் போச்சு.

இப்ப அந்த வேலை. பழைய பெட்டியில எண்சுவடி ஓலை கிடந்தா ஈரத்துணியால துடைக்காதீங்க. கீறல்ல நிக்கிற கரி போயிட்டா எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. காஞ்ச மெல்லிசுப் பிரஷ்ஷால தூசி தட்டி, பக்கவாட்டுல வெளிச்சம் விழுற மாதிரி வெச்சு ஒவ்வொரு ஏட்டையும் ரெண்டு பக்கமும் படம் எடுங்க. கமெண்ட்ல சொல்லுங்க, சேர்ந்து வாசிப்போம்.