மின்சாரக் கார் விற்கும் இடம் எப்படி மாற வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

விற்பனை நிலையத்தின் பின்பக்க யார்டில் ஒரு புது மின்சாரக் கார் நிற்கிறது. மறுநாள் காலை டெலிவரி. அடித்தளத்தில் இருக்கும் பெரிய பேட்டரியில் 60 சதவீதம் சார்ஜ் இருக்கிறது. ஆனால் ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் சாவியை உருவிக் கதவைத் திறந்து உட்கார்ந்தாலும் திரை கறுப்பாகவே இருக்கிறது. சார்ஜரைச் சொருகிப் பார்த்தாலும் அசைவில்லை. என்ன ஆயிற்று? முன்மூடிக்குக் கீழே இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

பெட்ரோல் வண்டியோடு பழகியவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது சின்னது இறங்கினால் என்ன என்று கேட்பார்கள். பெரிய பேட்டரி எந்நேரமும் வண்டியோடு இணைந்திருப்பதில்லை. நடுவில் கான்டாக்டர் எனப்படும் பெரிய ரிலேக்கள் இருக்கின்றன. அவற்றை மூடும் மின்சாரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வர வேண்டும். அவை மூடினால்தான், பெரிய பேட்டரியின் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் டிசி-டிசி கன்வர்ட்டர் விழித்து அந்தச் சின்ன பேட்டரியை நிரப்பும். அதனால் சின்னது படுத்தால் பெரியதும் கூடவே படுத்த மாதிரிதான். சில மாடல்கள் அவ்வப்போது தாமாகவே விழித்து 12 வோல்ட்டை நிரப்பிக்கொள்ளும், சில மாடல்களில் அந்த வசதி கிடையாது. யார்டைப் பார்த்துக்கொள்பவருக்கு எந்த மாடல் எப்படி என்று தெரிந்திருக்க வேண்டும்.

மின்சாரக் காருக்கு மாறுவது என்றால் பலரும் ஷோரூமில் சார்ஜர் மாட்டுவதையும் புதுப் பலகை வைப்பதையும் நினைக்கிறார்கள். மாற்றம் யார்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே வேலை செய்பவர்களுக்கு மின்சாரம் பழகாவிட்டால், முன்னால் எவ்வளவு நன்றாக விற்றாலும் வாடிக்கையாளர் மூன்றே மாதத்தில் கோபத்தோடு திரும்பி வருவார்.

யார்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வண்டியின் 12 வோல்ட் பேட்டரியையும் மீட்டரில் பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஈய அமில வகையாக இருந்தால், ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் சார்ஜ் போட்டுவிடலாம். 12 வோல்ட் வரை போக விடக் கூடாது. ரிமோட்டுகளை வண்டிக்குள்ளோ பக்கத்துச் சுவரிலோ தொங்க விட்டால், பல மாடல்களில் அந்த சிக்னலைக் கேட்டு வண்டி அடிக்கடி விழிக்கும், சின்ன பேட்டரி சீக்கிரம் காலியாகும். ரிமோட் வைக்கும் பெட்டி யார்டை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். பெரிய பேட்டரியைப் பாதி அளவில் நிறுத்தி வைப்பது நல்லது. வெயிலில் 100 சதவீதத்தோடு வாரக்கணக்கில் நின்றால் செல்கள் வேகமாக முதுமை அடையும். 10 சதவீதத்துக்கும் கீழே விட்டு மறந்துபோனால் இன்னும் மோசம். எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரிக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. அதன் வோல்டேஜ் கோடு நடுப்பகுதியில் மிகவும் தட்டையாக இருப்பதால், எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று வண்டி போடும் கணக்கு நாளடைவில் தவறிப்போகும். ஒரு முறை 100 வரை ஏற்றினால் கணக்கு சரியாகிவிடும். அதை டெலிவரிக்கு முந்தைய இரவே செய்துவிடலாம்.

அடுத்தது வருமானம். புது வண்டி விற்பதில் மிஞ்சுவது குறைவு, நிலையத்தைத் தாங்கிப் பிடிப்பது சர்வீஸ்தான் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச், சைலன்சர் என்று அந்த வருமானத்தைத் தந்த பாகங்கள் பலவும் மின்சாரக் காரில் கிடையாது. பயம் நியாயமானதுதான். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 2020இல் தன் சொகுசுக் கார் பிராண்டான கேடிலாக்கின் டீலர்களிடம், மின்சாரக் கார் விற்க சார்ஜருக்கும் கருவிகளுக்கும் முதலீடு செய்யுங்கள், விருப்பமில்லை என்றால் பணம் தருகிறோம், உரிமையை விட்டுவிடுங்கள் என்று சொன்னது. பலர் பணத்தை வாங்கிக்கொண்டு விலகினார்கள். இன்னொரு பக்கம் நார்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். அங்கேயும் சர்வீஸ் நடக்கிறது. வேலையின் வகைதான் மாறியிருக்கிறது.

பேட்டரியின் எடையாலும், மிதித்த நொடியில் கிடைக்கும் இழுவையாலும் டயர் சீக்கிரம் தேய்கிறது. அதனால் வீல் அலைன்மென்ட் பகுதிக்குச் செய்யும் செலவு வீண் போகாது. பிரேக்கில் நடப்பது நேர்மாறு. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால் பிரேக் பேட் நீண்ட காலம் உழைக்கிறது. ஆனால் அடிக்கடி உரசாத டிஸ்க் துருப்பிடிக்கும், காலிப்பர் நகரும் பின்கள் இறுகிவிடும். பேட் புதிது போல இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து, பின்களுக்கு அதற்கான கிரீஸ் வைக்க வேண்டும். பிரேக் ஆயில் எவ்வளவு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரத்தை உறிஞ்சும். பல மாடல்களில் அதை 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள்.

இப்போது ஒர்க்‌ஷாப். ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால் அது ஹை வோல்டேஜ். பல கார்களில் 400 வோல்ட் அளவு, சிலவற்றில் 800 வோல்ட். இந்த இடத்தில் அவசரம் வேண்டவே வேண்டாம். சார்ஜிங் கேபிளைக் கழற்றி, வண்டியை ஆஃப் செய்து, ரிமோட்டைத் தொலைவில் வைத்துப் பூட்ட வேண்டும். 12 வோல்ட்டின் நெகட்டிவைக் கழற்றிய பிறகு பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, உருவியவரே அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வர்ட்டரில் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கப்பாசிட்டர்கள் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மேனுவலில் 5 நிமிடம் என்றிருந்தால் 5, 10 என்றிருந்தால் 10. கையுறை 1000 வோல்ட் தாங்கும் கிளாஸ் 0 வகையாக இருக்க வேண்டும். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, ஊசித் துளை வழியாகக் காற்று போகிறதா என்று காதருகே வைத்துக் கேளுங்கள். ரப்பருக்கு மேல் தோல் உறை கட்டாயம்.

பிறகு மீட்டர். முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து மீட்டர் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்துக் காரில் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே, பாசிட்டிவுக்கும் பாடிக்கும் இடையே, நெகட்டிவுக்கும் பாடிக்கும் இடையே என மூன்று அளவுகள். கடைசியில் மறுபடியும் தெரிந்த இடத்துக்கே வந்து மீட்டர் உயிரோடுதான் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மீட்டர் பழுதாகியிருந்தாலும் அது பூஜ்யம்தானே காட்டும்! இவ்வளவும் செய்த பிறகும் பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் மின்சாரம் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறப்பது அதற்கென்றே பயிற்சி பெற்றவர் வேலை.

பெட்ரோல் வண்டியில் பழகிய கை தவறிவிடும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். குளிர்சாதனக் கம்பரஸர் பெட்ரோல் வண்டியில் பெல்ட்டில் ஓடும், உள்ளே ஊற்றுவது பெரும்பாலும் பிஏஜி எண்ணெய். மின்சாரக் காரில் கம்பரஸருக்குள்ளேயே ஹை வோல்டேஜ் மோட்டார் இருக்கிறது, அதன் கம்பிச் சுருள் கம்பரஸர் எண்ணெயில் நனைந்தபடிதான் இருக்கிறது. ஆகவே மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ எண்ணெயைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கின்றன. ஏசிக்குக் கேஸ் நிரப்பும் பழைய மெஷினின் ஹோஸில் ஒட்டியிருக்கும் பிஏஜி கொஞ்சம் கலந்தாலும் சுருளின் இன்சுலேஷன் பலவீனப்படலாம். டிசி பக்கத்தில் ஹை வோல்டேஜ் கம்பிகளுக்கும் பாடிக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் தடை இருக்க வேண்டும், 400 வோல்ட் வண்டி என்றால் 40,000 ஓம். அதற்குக் கீழே போனால் வண்டி எச்சரிக்கை காட்டும், கிளம்ப மறுக்கவும் செய்யும். கேஸ் நிரப்ப வந்த கார் கம்பரஸரையே மாற்ற வேண்டிய நிலைக்குப் போகும். மின்சாரக் கார்களுக்கென்று தனி மெஷின் வைப்பது இந்தச் செலவோடு பார்த்தால் பெரிதில்லை.

வண்டியைத் தூக்கும்போதும் கவனம் தேவை. லிஃப்ட் கை பேட்டரிப் பெட்டியில் பட்டால் அடித்தகடு நசுங்கும். மேனுவலில் காட்டியிருக்கும் ஓரப் புள்ளிகளில் மட்டுமே முட்டு வைக்க வேண்டும். விபத்தில் அடிவாங்கிய வண்டியைக் கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்துங்கள். சேதமான செல் பல நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம்.

சார்ஜர் மாட்டுவதற்கு முன் மின் இணைப்பின் கணக்கைப் போட வேண்டும். 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் சார்ஜர் ஒன்றுக்கு 7.36 கிலோவாட். ஐந்து மாட்டினால் 37 கிலோவாட்டுக்கு அருகில். கூடவே 60 கிலோவாட் டிசி சார்ஜர் ஒன்று வைத்தால் கிட்டத்தட்ட 97. இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று கேட்காமல் சார்ஜரை வாங்கிவிட்டால், இணைப்புக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். இரவு முழுக்க நிற்கும் வண்டிக்கு வேகமான சார்ஜர் தேவையே இல்லை. 40 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80க்குக் கொண்டுவர 24 யூனிட் போதும், 7 கிலோவாட்டில் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். லோடைப் பகிர்ந்து கொடுக்கும் வசதியுள்ள சார்ஜர்களாக வாங்கினால் சிறிய இணைப்பே தாங்கும்.

டெலிவரியின்போது திரையில் பாட்டு எப்படிப் போடுவது என்று அரை மணி நேரம் காட்டுகிறார்கள். அதில் பத்து நிமிடத்தை வாடிக்கையாளர் வீட்டு பிளக்குக்கு ஒதுக்கினால் பிறகு வரும் பல புகார்கள் வரவே வராது. வீட்டு சாக்கெட்டில் மணிக்கணக்காக ஒரே அளவில் மின்சாரம் ஓடுவது வேறு எந்தச் சாதனத்துக்கும் அநேகமாக நடக்காத ஒன்று. உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் அங்கேதான் சூடு ஏறும். முதல் நாள் அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் நிறுத்திவிட வேண்டும். எக்ஸ்டென்ஷன் போர்டு வேண்டாம். 32 ஆம்பியர் சார்ஜருக்கு வீட்டு மெயின் போர்டிலிருந்து தனி லைன், குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, தூரம் கூடினால் அதைவிடத் தடிமன், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர், ஒழுங்கான எர்த். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் வேலை செய்ய மறுக்கும். வாடிக்கையாளர் கார் பழுது என்றுதான் நினைப்பார்.

எவ்வளவு தூரம் ஓடும் என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் எடுக்கும் வண்டியில் 40 யூனிட் பேட்டரி என்றால் மொத்தம் 250 கிலோமீட்டர். தினமும் 80க்கும் 20க்கும் இடையில் பயன்படுத்தினால் கையில் இருப்பது 150. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 110க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அதனால் தூரம் குறையும். வேக சார்ஜரில் 80 சதவீதத்துக்குப் பிறகு ஏறும் வேகம் தணிந்துவிடும், வெளியூர் போகும்போது அத்தோடு கிளம்புவதே நேரத்துக்கு நல்லது. இதையெல்லாம் விற்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பழைய வண்டி வாங்கி விற்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்து மின்சாரக் காரை மதிப்பிட முடியாது. வண்டியை 20 சதவீதம் வரை ஓட்டி இறக்கிவிட்டு, யூனிட் மீட்டர் உள்ள சார்ஜரில் 90 வரை ஏற்றுங்கள். மீட்டரில் 25 யூனிட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் சுமார் 10 சதவீதம் வெப்பமாகப் போய்விடும், பேட்டரிக்குள் சேர்ந்தது 22.5. அது 70 சதவீத இடத்தை நிரப்பியிருக்கிறது என்றால் முழுக் கொள்ளளவு 32 யூனிட். புதிதில் 40 இருந்த வண்டி இப்போது 80 சதவீதத்தில் இருக்கிறது. கடும் வெயிலிலோ கடும் குளிரிலோ செய்தால் எண் தவறும், மிதமான வெப்பநிலையில் செய்யுங்கள். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்றும், கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்றும் உத்தரவாதம் தருகின்றன. அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்று பார்த்து, மேலே போட்ட கணக்கோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி வாங்குபவர் கையில் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.