சங்கு ஊதாத வேலை

(கோத்தகிரியில் மே தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அம்மாமார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

என் அம்மா இந்த மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அட்டைக்கடி, பனி, மழை எல்லாம் பார்த்தவர். அதைச் சொகுசான வாழ்க்கை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் சங்கு ஊதி, கொழுந்தை எடை போட்டு, கிலோவை எழுதிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அளவுக்கு மேல் பறித்ததற்குத் தனிக்காசு. மழைநாளில் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ அதிகமாகக் கழித்துவிட்டால், மறுபடி நிறுக்கும்வரை தராசடியை விட்டு நகரமாட்டார்.

நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு அதில் பெருமைதான். சரி, என் வேலையை நிறுக்கும் தராசு எங்கே இருக்கிறது?

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. மணி பத்தரை. லேப்டாப்பில் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கிறது. போனில் மேலாளர், "நாமெல்லாம் ஒரே குடும்பம், பார்த்து முடித்துக் கொடுங்கள்" என்கிறார். அம்மா மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"இதுக்குத் தனியா எவ்வளவு தருவாங்க?"

"ஒண்ணும் இல்லைம்மா."

"அப்புறம் எதுக்கு உட்கார்ந்திருக்க?"

எனக்கு வாய் வரவில்லை.

1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வார வேலைக்கு வரம்பு கட்டியது. இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணிவரை தோட்டத்தில் பெண்களை வேலை வாங்க அரசின் அனுமதி வேண்டும் என்றது. அதெல்லாம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. 1886-இல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி உயிர் போயிருக்கிறது. 1923-இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 2023 ஏப்ரலில்கூட, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன; மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

எங்களுக்கோ எந்தச் சட்டத்தையும் திருத்தாமலே வேலை 12 மணி நேரமாகிவிட்டது. யாரும் கொதிக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மெசேஜ் வந்தால் உடனே பதில் போடுகிறவர் நல்ல பிள்ளை. காலையில் போடுகிறவருக்கு ஈடுபாடு போதாது. இந்த 'ஈடுபாடு' என்ற சொல்தான் எனக்குக் கோபம் மூட்டுகிறது. கூலி கொடுக்காத நேரத்துக்கு வைத்த பெயர் அது. குடும்பம் என்பதும் அப்படித்தான். ஆறு வருஷம் எங்களோடு இருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு திங்கட்கிழமை காலை லாகின் வேலை செய்யவில்லை. அவ்வளவுதான், அந்தக் குடும்பம் முடிந்தது.

பிரான்சில் வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2017-இலேயே சட்டப்படி நடைமுறைக்கு வந்துவிட்டது. நமக்கு அது வரும்வரை ஒரு வேலை இருக்கிறது. எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம் என்று எழுதி வையுங்கள். நான் நான்கு மாதமாக எழுதுகிறேன். அம்மா எடைச் சீட்டுகளைப் போட்டு வைத்திருந்த தகர டப்பாவில்தான் அந்த நோட்டும் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் எழுதிக் கொண்டு வாருங்கள். கணக்குப் பார்த்துச் சொல்ல முன்வரிசையில் தொழிற்சங்கப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.