இன்னொரு வழி இருக்கிறதா?

திருநெல்வேலி வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடையநல்லூரில் பிறந்த ஒரு குழந்தையின் படத்தை, தோஹாவில் வேலை பார்க்கும் அதன் தகப்பனுக்குப் பாட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கடிகாரக் குறி. பிறகு ஒரு டிக். பிறகு இரண்டு டிக். கடிகாரம் என்றால் செய்தி இன்னும் பாட்டியின் போனைவிட்டுப் புறப்பட்டுப் போய்ச் சேரவில்லை. ஒரு டிக் என்றால் வாட்ஸ்அப் நிறுவனத்தின் சர்வரை, அதாவது செய்திகளை வாங்கி அனுப்பும் கணினியை, எட்டிவிட்டது. இரண்டு டிக் என்றால் மகனின் போனுக்குள் போய்விட்டது. இந்தக் குறிகளுக்கு நடுவில் கம்பியிலும் காற்றிலும் கடலுக்கடியிலும் நடப்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். நம் மாவட்டத்துக் கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடம் நடத்துகிறவன் நான். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கவலையும் இதில் எனக்கு உண்டு. அதையும் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

அந்தப் படம் 3 லட்சம் பைட் அளவு இருக்கிறது என்றால், அது முழுப்படமாகப் பயணம் செய்வதில்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1500 பைட் கொண்ட 200 சொச்சம் பொட்டலங்களாக உடைகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் அனுப்புகிறவரின் எண் முகவரி, பெறுகிறவரின் எண் முகவரி, இன்னும் சில குறிப்புகள் இருக்கும். அதற்குப் பிறகு 200 பொட்டலங்களும் தனித்தனி. ஒன்று போன வழியில்தான் அடுத்ததும் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்னே புறப்பட்டது பின்னால் வந்து சேரலாம். சில வராமலே போகலாம்.

வழியில் அவற்றைக் கைமாற்றிவிடுகிற இயந்திரத்துக்கு ரவுட்டர் என்று பெயர். வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் சிறிய பெட்டியும் ரவுட்டர்தான். பெருநகரத் தொலைபேசி நிலையத்தில் அலமாரி உயரத்துக்கு நிற்பதும் ரவுட்டர்தான். வேலை ஒன்றே. வந்த பொட்டலத்தின் முகவரியைப் பார்க்க வேண்டும். அடுத்து எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்ய வேண்டும். தள்ளிவிட்டு மறந்துவிட வேண்டும். முழுப் பாதையும் எந்த ரவுட்டருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அது எப்படி முடியும் என்று மாணவர்கள் கேட்கும்போது நான் தபால் பின்கோடைத்தான் காட்டுவேன். கடையநல்லூரின் பின்கோடு 627751. டெல்லியில் கடிதம் பிரிக்கிறவருக்குக் கடையநல்லூர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. முதல் எண் 6. தெற்கே போகிற பையில் போட்டுவிடலாம். சென்னைக்கு வந்த பிறகு 627 வரை பார்த்தால் திருநெல்வேலிப் பக்கம் என்று புரிந்துவிடும். கடைசி எண்களை ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் போதும். இணைய முகவரியும் அப்படித்தான் முன்பகுதி, பின்பகுதி என்று அமைந்திருக்கிறது. ரவுட்டரிடம் ஓர் அட்டவணை உண்டு. "இந்த முன்பகுதியில் தொடங்கும் முகவரிகளுக்கு இந்தப் பக்கம்" என்று அதில் வரிவரியாக இருக்கும். பல வரிகள் பொருந்தினால், எது அதிக எண்கள் வரை பொருந்துகிறதோ அந்த வரிக்கே வெற்றி. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இது செய்த கூத்தைச் சொல்கிறேன்.

அட்டவணையை யார் எழுதுகிறார்கள்? பெரும்பாலும் ரவுட்டர்களே பேசிக்கொண்டு எழுதிக்கொள்கின்றன. ஒரே நிறுவனத்தின் வலையமைப்புக்குள் பரவலாகப் பயன்படும் ஒரு முறையில், ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்து ரவுட்டருக்கு வழக்கமாக 10 நொடிக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று ஒரு சிறு செய்தி அனுப்பும். 40 நொடி வரை செய்தி வராவிட்டால், அந்த இணைப்பு போய்விட்டது என்று மற்றவற்றுக்கெல்லாம் தகவல் பரவும். உடனே ஒவ்வொன்றும் தன் வரைபடத்தைத் திருத்தி, குறைந்த செலவுள்ள பாதையைப் புதிதாகக் கணக்கிடும். அந்தக் கணக்கு, நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டது. திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி வழியாக மதுரைக்குப் போகும் ஃபைபர் ஒன்றை, அதாவது தகவலை ஒளியாகக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிளை, பொக்லைன் இயந்திரம் அறுத்துவிட்டால், தென்காசி, ராஜபாளையம் வழியாக வேறொரு ஃபைபர் இருக்கும்பட்சத்தில், போக்குவரத்து தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். நமக்குத் தெரியக்கூடச் செய்யாது. "இருக்கும்பட்சத்தில்" என்று சொன்னேன் அல்லவா, என் கவலை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நிறுவனங்களுக்கு இடையில் வேறொரு முறை. உலக இணையம் என்பது தனித்தனி நிர்வாகத்தில் இருக்கும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வலையமைப்புகளின் கூட்டு. "இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, என் வழியாக வரலாம்" என்று ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதிடம் அறிவிக்கிறது. அது அடுத்ததிடம் சொல்கிறது. அடிப்படையில் எல்லாம் நம்பிக்கைதான். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானில் யூடியூபைத் தடை செய்ய அரசு உத்தரவிட்டது. அங்கிருந்த தொலைத்தொடர்பு நிறுவனம், யூடியூப் முகவரிகளில் ஒரு பகுதி தன்னிடம் இருப்பதாக ஓர் அறிவிப்பை வைத்தது. நாட்டுக்குள்ளேயே நின்றிருக்க வேண்டிய அந்த அறிவிப்பு வெளியே கசிந்துவிட்டது. யூடியூப் தன் அறிவிப்பில் சொல்லியிருந்ததைவிட அது அதிக எண்கள் வரை குறிப்பாகச் சொல்லியது. முன்பு சொன்ன விதிப்படி அதற்கே வெற்றி! உலகின் பல பகுதிகளிலிருந்தும் யூடியூபுக்குப் போக வேண்டிய பொட்டலங்கள் பாகிஸ்தான் திசையில் திரும்பி அங்கே காணாமல் போயின. சரிசெய்ய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. அறிவிப்பின் மீது கையெழுத்துப்போலச் சான்று வைத்துச் சரிபார்க்கும் முறை அதற்குப் பிறகு வந்திருக்கிறது. எல்லா நிறுவனங்களும் அதை முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இனி, காணாமல் போகும் பொட்டலங்களுக்கு வருவோம். இணையத்தின் நடுப்பகுதி யாருக்கும் எந்த உறுதியும் தருவதில்லை. ரவுட்டரில் நெரிசல் மிகுந்தால், இடம் இல்லாத பொட்டலத்தை அது கீழே போட்டுவிடும். வழி தவறிச் சுற்றிக்கொண்டே இருக்கும் பொட்டலத்துக்கும் ஒரு முடிவு உண்டு. புறப்படும்போதே 64 அல்லது 128 போல ஓர் எண் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று கழிக்கும். பூஜ்யம் ஆனதும் அது தூக்கி எறியப்படும். அப்படியானால் குழந்தையின் படம் எப்படி முழுதாகப் போய்ச் சேர்கிறது? பொறுப்பு முழுவதும் இரண்டு முனைகளில் இருக்கிறது. அனுப்பும் பக்கம் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் வைத்திருக்கிறது. பெறும் பக்கம் "இதுவரை வந்துவிட்டது, அடுத்து இங்கிருந்து அனுப்பு" என்று ஓயாமல் பதில் சொல்கிறது. ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால், நடுவில் ஒன்று விழுந்துவிட்டது என்று புரிந்துகொண்டு அனுப்பும் பக்கம் அதை மறுபடி அனுப்புகிறது. வரிசை மாறி வந்தவற்றை அடுக்கிச் சரிசெய்வதும் பெறும் பக்கத்தின் வேலை. நடுவில் இருப்பது எளிமையாக இருக்கட்டும், அறிவு முனைகளில் இருக்கட்டும் என்ற இந்த ஏற்பாட்டுக்கு விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இருவர் 1974இல் அடிப்படை போட்டார்கள். 1983 ஜனவரி 1 முதல் அமெரிக்க ஆய்வு வலையமைப்பு முழுவதும் அதற்கு மாறியது. இன்று உங்கள் கையில் இருக்கும் போனும் அதன்படிதான் நடக்கிறது. மனிதர் செய்த ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று இது.

ஆனால் மறுபடி அனுப்புவதிலும் அளவு வேண்டும். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் நொடிக்கு 32 ஆயிரம் பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம் 400 கெஜம்தான். நெரிசலில் பொட்டலங்கள் விழ, எல்லாக் கணினிகளும் மறுபடி மறுபடி அனுப்ப, நெரிசல் இன்னும் கூடிக்கொண்டே போனது. வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் இதற்கு வழி கண்டார். பொட்டலம் விழுந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு வேகத்தைச் சட்டென்று குறைக்க வேண்டும். பிறகு மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். யாரும் மேலிருந்து கட்டளையிடாமல், ஒவ்வொரு கணினியும் தானே விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு இது. இன்றைய இணையம் மூச்சுத் திணறாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

குரல் அழைப்பு மட்டும் வேறு வகை. தவறிய சொல்லை அரை நொடி கழித்துக் கொண்டுவந்து கொடுப்பதில் பயன் இல்லை. அதனால் விட்டது விட்டதுதான் என்று போய்விடுகிறது. போனில் மகனின் குரல் நடுவில் அறுபடுவது இதனால்தான்.

இந்தப் பொட்டல முறை எப்படிப் பிறந்தது தெரியுமா? 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பால் பேரன் என்ற பொறியாளர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். போரில் தொலைபேசி நிலையங்கள் பல அழிந்தாலும், மிஞ்சியவை ஒன்றோடொன்று பேச முடியுமா? எல்லாம் ஒரே மையத்தில் போய்ச் சேரும் அமைப்பில் முடியாது. மையம் போனால் எல்லாம் போயிற்று. செய்தியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் திறந்திருக்கும் வழியில் போகட்டும் என்றார். 1964இல் வெளியான அவருடைய அறிக்கைகளில் ஓர் அருமையான முடிவு இருக்கிறது. எல்லா ஊர்களையும் ஒன்றோடொன்று தொடுக்கக் குறைந்தபட்சம் எத்தனை இணைப்பு வேண்டுமோ அதைப்போல் 3 மடங்கு, 4 மடங்கு இருந்தாலே, வலையமைப்பு அழிக்க அரிதாகிவிடும். கிட்டத்தட்ட அதே காலத்தில் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனியாக இதே எண்ணத்துக்கு வந்தார்.

2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் தளர்ந்தது, ஆனால் அணைந்துபோகவில்லை. மேற்கே போக வேண்டியவற்றில் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பிவிட முடிந்தது. கிழக்கே கேபிள் இருந்தது, அதனால் முடிந்தது.

நம் ஊரில் என்ன நடந்தது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. சாலைகள் அரித்துச் செல்லப்பட்டன. பல ஊர்களில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் வெளியூரில் இருந்தவர்கள் தவித்த தவிப்பை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மின்சாரம் போனால் செல்போன் கோபுரத்தை பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் சில மணி நேரம் தாங்கும். கோபுரம் நின்றுகொண்டிருக்கும், போனில் சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும். ஆனால் கடிகாரக் குறி மாறவே மாறாது. காரணம், கோபுரத்திலிருந்து வெளியே போகும் ஃபைபர் எங்கோ ஒரு பாலத்தடியில் வெள்ளத்தோடு போயிருக்கும். இரண்டாவது ஃபைபர் இல்லாத இடத்தில் டைக்ஸ்ட்ராவின் கணக்கும் கைவிரித்துவிடும். திருப்பிவிட ஒரு பாதை வேண்டுமே!

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இணைப்பு தரும் திட்டம் நடக்கிறது. மனதார வரவேற்கிறேன். நேயர்களிடம், குறிப்பாக ஊராட்சிப் பிரதிநிதிகளிடம், நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கிராம சபையில் "எத்தனை எம்பி வேகம்?" என்று கேட்கிறோம். அதோடு "ஃபைபர் எந்தச் சாலை வழியாக வருகிறது? அந்தச் சாலை அறுந்தால் வேறு எந்தப் பக்கத்திலிருந்து இணைப்பு வரும்?" என்றும் கேளுங்கள். இரண்டு நிறுவனங்களின் கேபிள் இருக்கிறது என்று பதில் வந்தால், அவை இரண்டும் ஒரே பள்ளத்தில், ஒரே பாலத்தில் போகின்றனவா என்று கேளுங்கள். ஒரே பாலத்தில் போனால் அவை இரண்டு அல்ல, ஒன்றுதான். இன்னொரு சாலையில் ஃபைபர் பதிக்கச் செலவு அதிகம் என்பார்கள், உண்மைதான். சிறிய ஊருக்கு இரண்டாவது வழி ஃபைபராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கோபுரத்தோடு, கம்பியில்லாமல் காற்றில் போகும் மைக்ரோவேவ் அலை இணைப்பு ஒன்று இருந்தால்கூட, வேகம் குறைவாக இருந்தாலும், "நாங்கள் நன்றாக இருக்கிறோம்" என்ற மூன்று சொல்லைக் கொண்டுபோக அது தாராளம். அதற்கு ஒரே ஒரு பொட்டலம் போதும். கேபிள் போகும் பாதையின் வரைபடம் பொறுப்பில் இருப்பவர்களிடம் இருக்கும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அதை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வணக்கம்.